டோனிங்: பூத்ததும் பூசியதும்

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஒரே தரப்புள்ளி பெற்ற இரண்டு அமெரிக்க வெள்ளி டாலர்கள் ஏலத்துக்கு வருகின்றன. பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் நாணயம் விலைப்பட்டியலில் கண்ட தொகைக்குப் போய்விடுகிறது. மற்றொன்றின் விளிம்பில் நீலம், அதையடுத்து செவ்வூதா, நடுவில் பொன்மஞ்சள். அது பட்டியல் விலையின் பல மடங்கில்தான் முடிகிறது. ஏலக் குறிப்பில் அதற்குக் கூடுதலாக இருப்பது ஒரே சொல்: டோனிங். வெள்ளி நாணயத்தின் மேல் காலப்போக்கில் படியும் வண்ணப் படலத்துக்கு நாணயச் சந்தையில் வழங்கும் பெயர் அது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே ‘டோனோஸ்’ என்றால் இழுத்துக் கட்டிய நரம்பு, இழுவிசை. நரம்பின் இறுக்கத்தில் பிறக்கும் ஒலிக்கும் அதுவே பெயராயிற்று. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, காதிலிருந்து கண்ணுக்குத் தாவியது. ஓவியர்கள் நிறத்தின் சாயலையும் டோன் என்றார்கள். பிறகு புகைப்படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பழுப்பாக்கும் செபியா டோனிங்கில் நடப்பது, படத்தில் உள்ள வெள்ளி, கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுவது. நாணயத்தின் மேல் படிவதும் அதே வெள்ளி சல்பைடுதான். சொல்லும் பொருளும் இப்படி ஒத்துப்போவது அரிது.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு வழுக்கல் உண்டு. டோன் என்றதும் ‘தொனி’ நினைவுக்கு வரும். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை; தொனி வடமொழி ‘த்வனி’யிலிருந்து வந்தது. டோனோஸுக்கு உண்மையான உறவு வீணையின் ‘தந்தி’. இழுத்தல், நீட்டுதல் என்னும் பொருளுடைய ‘தன்’ என்ற வடமொழி வேரும் கிரேக்கச் சொல்லும் ஒரே குடும்பம். ஒலியை நம்பி உறவு கொண்டாடினால் இப்படித்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவோம்.

நகைக்காரர் இதே படலத்தை ‘டார்னிஷ்’ என்பார். மங்கச் செய்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையின் வழிவந்த சொல் அது. வேதியியல் ஒன்றே. துடைத்துப் போட வேண்டியது என்று நினைத்தால் டார்னிஷ், காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று நினைத்தால் டோனிங். கலைச்சொல் என்கிறோமே தவிர, இதில் பாதி விற்பனைச் சொல்தான்.

வண்ணம் எங்கிருந்து வருகிறது? காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகின்றன. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், ஊடுருவி அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்கள் அழிகின்றன, சில தங்குகின்றன. சோப்புக் குமிழியிலும் நீரில் மிதக்கும் எண்ணெயிலும் காண்பது இதே குறுக்கீட்டு விளைவு. நிறமி என்று அங்கே எதுவும் கிடையாது. படலம் தடிக்கத் தடிக்க இளமஞ்சள், பொன்மஞ்சள், செவ்வூதா, நீலம் என்று வரிசையாக மாறும். மேலும் தடித்தால் கடைசியில் கறுத்துவிடும். விலை போகிற அழகு, கறுப்பை நோக்கிப் போகும் பாதையின் நடுவே நின்றுவிட்ட ஒரு நிலை என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது.

இந்தச் சந்தையின் செல்லப்பிள்ளை மார்கன் டாலர். 1878 முதல் 1904 வரையும் மீண்டும் 1921-லும் அச்சான, 90 சதவீத வெள்ளி கொண்ட நாணயம். புழக்கத்துக்குப் போகாமல் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கருவூல அறைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தவை ஏராளம். பையின் துணியில் ஒட்டிக் கிடந்த முகம் நிறம் பெற்றது. பக்கத்து நாணயம் மறைத்த இடம் வெள்ளையாகவே நின்றது. அதனால்தான் சிலவற்றில் பிறை வடிவில் வண்ணம் தெரிகிறது, சிலவற்றில் துணியின் நெசவே பதிந்திருக்கிறது. கந்தகம் கலந்த அட்டை ஆல்பங்களில் இருந்தவற்றில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக நிறம் ஏறியது. சான் பிரான்சிஸ்கோவில் அச்சான 1881-ஆம் ஆண்டு டாலர் எளிதாகக் கிடைக்கும் நாணயம். அப்படிப்பட்டதுகூட வண்ணத்தின் பெயரால் அரிய நாணயத்தின் விலைக்கு ஏறுகிறது.

எப்போதும் இந்த மதிப்பு இருந்ததில்லை. வெள்ளையாக மின்னுவதே உயர்ந்தது என்று கருதிய காலத்தில், அமிலக் கரைசலில் முக்கி எடுத்து எத்தனையோ வானவில்களைக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. ஆகிய தரநிர்ணய நிறுவனங்கள் வந்த பிறகு, நிறம் இயற்கையானதா என்று சொல்ல மூன்றாவது ஆள் கிடைத்தார். அந்தத் துணிவில்தான் பணம் இறங்கியது. கூடவே மோசடியும் வளர்ந்தது: சூடேற்றுவது, கந்தகக் கரைசல் தடவுவது. நிற வரிசை முறை தவறியிருந்தாலோ, கீறலின் பள்ளத்துக்குள்ளும் ஒரே மாதிரி நிறம் பாய்ந்திருந்தாலோ சந்தேகப்படுவார்கள். புகைப்படத்தை மட்டும் பார்த்து விலை கேட்பது இன்னும் ஆபத்து. விளக்கைச் சற்றே சாய்த்தால் நிறமே வேறாகிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெள்ளி’ என்ற பெயரே வெண்மையிலிருந்து வந்தது. அதனால் நிறம் மாறிய வெள்ளியைப் பற்றி நம்மிடம் இருக்கும் சொற்களெல்லாம் புகார்ச் சொற்கள்: கறுத்தது, மங்கியது, மாசேறியது. ‘களிம்பு’ பழைய சொல்தான். ஆனால் அது செம்புக்கு உரியது. உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையே செம்பில் களிம்பு. அதை ஏலக் குறிப்பில் எழுதினால் எவரும் கை தூக்கமாட்டார். ‘நிறமாற்றம்’ சாயம் போன சட்டைக்கும் பொருந்தும். ‘வண்ணப்படலம்’ பொருளைச் சரியாகக் காட்டுகிறது. படலத்தைக் குறிக்க அதுவே போதும். நிகழ்வைக் குறிக்க வினை வேண்டுமே?

என் தேர்வு ‘வண்ணம் பூத்தல்’. நீறு பூத்த நெருப்பு என்கிறோம், சுவரில் உப்புப் பூத்தது என்கிறோம். யாரும் தடவாமல், உள்ளிருப்பதும் சுற்றியிருப்பதும் சேர்ந்து மேற்பரப்பில் தானாக வெளிப்படுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் வினை அது. இயற்கை, செயற்கை என்று ஆங்கிலம் அடைமொழி சேர்த்துச் சொல்லும் வேறுபாட்டை இங்கே வினையே சொல்லிவிடுகிறது: தானாக வந்தால் பூத்தது, ஒருவர் ஏற்றினால் பூசியது. பெயர்ச்சொல்லாக்கும்போது மட்டும் ஒரு சிக்கல். ‘பூப்பு’ என்றால் வேறு பொருள் வந்துவிடும். ஆகவே பெயரெச்சமாகவே வைத்துக்கொள்ளலாம். பையில் பூத்த டாலர், ஆல்பத்தில் பூத்த அரை டாலர், விளிம்பில் வண்ணம் பூத்த நாணயம். தரநிர்ணயத்தில் தள்ளப்பட்டதற்கு: வண்ணம் பூசிய நாணயம்.