இன்னும் எட்டு மீட்டர் பாக்கி

ஒரு சாலைச் சந்திப்பை ஆய்வு செய்யப் போனால், முதல் ஒரு மணி நேரம் டேப்பையும் கேமராவையும் பையைவிட்டு வெளியே எடுக்கமாட்டேன். ஓரமாக நின்று நடப்பவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போக்குவரத்துப் பொறியாளர் வேலையில் எனக்குப் பாடம் எடுத்தவை பெரும்பாலும் அந்தக் கால்கள்தான்.

அப்படி ஒருநாள் கண்ணில் பட்டவர் ஒரு பாட்டி. எழுபது வயதைத் தாண்டியிருப்பார். ஒரு கையில் தடி, மறு கையில் பை. பச்சை விழுந்ததும் கூட்டத்தோடு அவரும் இறங்கினார். அந்தச் சாலையின் அகலம் 24 மீட்டர், நடப்பவர்களுக்குக் கொடுத்திருந்த நேரம் 20 நொடி. கூட்டம் அந்தப் பக்கம் ஏறிவிட்டது. பாட்டி நடுக்கோட்டைத் தாண்டி நாலு மீட்டர்தான் வந்திருந்தார். சிவப்பு விழுந்துவிட்டது. இன்னும் எட்டு மீட்டர் பாக்கி. முன்வரிசை வண்டிகள் உறும ஆரம்பித்ததும் தடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தார், ‘நில்லுங்கப்பா’ என்பதுபோல.

இதில் யார் தப்பு? “மெதுவாகப் போகிறவர்கள் ஏன் இறங்குகிறார்கள்?” என்றார் பக்கத்தில் நின்றவர். ஆனால் அந்த 20 நொடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துக்கொண்டு 24-ஐ வகுத்திருக்கிறார்கள். திடகாத்திரமான ஆளுக்கு அது சரி. முதியவர்களில் பலர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். அவர்களுக்கு 30 நொடி வேண்டும். அமெரிக்காவின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்கான கையேடே 2009-இல் இந்த வேகத்தை நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தது. பாட்டி சரியாகத்தான் இறங்கினார். நேரத்தைக் கணக்கிட்டவர் மனதில் பாட்டி இல்லை, அவ்வளவுதான்.

நேரத்தைக் கூட்ட முடியாது, வண்டிகள் தேங்கிவிடும் என்பார்கள். சரி, அகலத்தைக் குறைக்கலாமே. முனைகளில் நடைபாதையைச் சாலைக்குள் கொஞ்சம் நீட்டினாலே கடக்கவேண்டிய தூரம் நாலைந்து மீட்டர் குறையும். நடுவில் ஒரு திட்டு வைத்தால், ஒரே மூச்சில் ஓடவேண்டியதை இரண்டு தடவையாகக் கடக்கலாம். திட்டு என்றால் ஒற்றைக் கால் வைக்கும் டிவைடர் அல்ல. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ பத்திரமாக நிற்க இரண்டு மீட்டராவது வேண்டும்.

அடுத்தது, சந்திப்புகளில் என்னை அதிகம் பயமுறுத்தும் விஷயம்: திரும்பும் வண்டி. நேராக வருகிற வண்டி சிவப்புக்கு நிற்கும் என்று நம்பலாம். திரும்புகிற வண்டிக்கும் நடப்பவருக்கும் பல இடங்களில் ஒரே நேரத்தில்தான் பச்சை விழுகிறது. ஓட்டுநரின் கண் வண்டிகள் வரும் பக்கம் இருக்கும். நீங்கள் மறுபக்கத்திலிருந்து இறங்குவீர்கள். முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு முழு ஆளையே மறைத்துவிடும். லாரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் ஓட்டுநருக்குத் தெரியவே மாட்டார்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. நடப்பவர்களுக்குப் பச்சையை 3 முதல் 7 நொடி வரை முன்னதாகவே கொடுத்துவிடுவது. வண்டி நகரும்போது மனிதர்கள் ஏற்கெனவே சாலைக்கு நடுவில், ஓட்டுநரின் கண்ணெதிரே இருப்பார்கள். பெரும்பாலான சிக்னல்களில் நேர அமைப்பை மாற்றினாலே போதும். மண் வெட்டவேண்டாம், சிமென்ட் வேண்டாம். இன்னொரு மருந்து, முனையின் வளைவை இறுக்குவது. அகன்ற வளைவு, வேகத்தைக் குறைக்காமல் திரும்பு என்று ஓட்டுநரை அழைக்கிறது. சிக்னலுக்கே நிற்காமல் போகும் ஃப்ரீ டர்ன் அந்த அழைப்பின் உச்சம். கூட்டம் நடக்கிற சந்திப்பில் அதை மூடிவிடுங்கள் என்றுதான் நான் எப்போதும் எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பு வரும்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 30 கிலோமீட்டரில் வருபவர் ஆளைப் பார்த்து, சுதாரித்து, பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் ஆகும், அதுவும் காய்ந்த சாலையில். 50-இல் வருபவர் அந்த 13 மீட்டரைச் சுதாரிப்பதற்குள்ளேயே தாண்டிவிடுவார். முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வண்டி வேகம் துளியும் குறையாமல் வந்து மோதும். ‘இருபது கிலோமீட்டர்தானே கூடுதல்’ என்று சொல்பவர்களிடம் நான் இதை மட்டும்தான் சொல்வது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு சந்திப்பில் மக்கள் கண்ட இடத்தில் கடக்கிறார்கள் என்று நடைபாதை ஓரம் நெடுக இரும்புத் தடுப்பு போடச் சொன்னேன். ஜீப்ரா கிராசிங்கைச் சந்திப்பிலிருந்து 80 மீட்டர் தள்ளி வைத்தேன். வரைபடத்தில் அழகாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், மக்கள் முன்பு கடந்த இடத்திலேயே கடந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: இப்போது தடுப்புக்கு வெளிப்பக்கம், வண்டிகளை உரசிக்கொண்டு, இடைவெளி எங்கே வருகிறது என்று தேடியபடி சாலையிலேயே நடந்தார்கள். பள்ளிப் பையன் ஒருவன் கம்பிக்கு நடுவே பையை முதலில் தள்ளிவிட்டுத் தானும் நுழைந்து வந்தான். 80 மீட்டர் போய், கடந்து, 80 மீட்டர் திரும்பி வா என்று யாரிடமும் சொல்லமுடியாது. கால் எங்கே போகிறதோ அங்கே கோடு போடுவதுதான் முறை. சுரங்கப்பாதை, நடைமேம்பாலம் விஷயத்திலும் என் கருத்து இதுவே: படியேறி இறங்க முடிந்தவர்கள்கூடப் பாதிப் பேர் ஏறுவதில்லை.

காத்திருப்பும் அப்படித்தான். 30 நொடிக்குமேல் நிற்கவைத்தால் மக்கள் பொறுமை இழந்து, இடைவெளி பார்த்து இறங்க ஆரம்பிப்பார்கள். இரண்டு நிமிடம் நிற்கவைத்துவிட்டு ஒழுக்கம் இல்லை என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

கூட்டம் மிக அதிகமான இடங்களில் எல்லாப் பக்கமும் வண்டிகளை நிறுத்தி, மக்களைக் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் நடக்கவிடுவது உண்டு. டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பு அப்படிப்பட்டதுதான். 1950-களில் டென்வர் நகரில் இதைப் பரவலாக்கிய பொறியாளர் ஹென்றி பார்ன்ஸின் பெயரால் இதை ‘பார்ன்ஸ் டான்ஸ்’ என்பார்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சிக்னல் ஒரு முழுச் சுற்று வர எடுக்கும் நேரம் நீண்டு, காத்திருப்பும் கூடிவிடும்.

இரவு வெளிச்சத்தில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். விளக்கைக் கிராசிங்குக்கு நேர் மேலே தொங்கவிட்டால் தலைதான் வெளிச்சமாகும். வண்டி வரும் பக்கம் சற்று முன்தள்ளி வைத்தால், ஓட்டுநர் பார்க்கும் உடம்பின் பக்கத்தில் ஒளி விழும்.

நடப்பவர் தன் பங்குக்குச் செய்யவேண்டியதில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: இரண்டாவது தடம். முதல் தடத்து வண்டி உங்களுக்காக நின்றது என்று நன்றியோடு வேகமாக நடக்காதீர்கள். அந்த வண்டியே அடுத்த தடத்தை உங்களிடமிருந்து மறைக்கிறது. அடுத்த தடத்துக்காரருக்கு உங்களையும் மறைக்கிறது. அதன் முன்முனையில் ஒரு நொடி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான்: பக்கத்து வண்டி காரணமில்லாமல் நிற்கிறது என்றால், காரணம் அதற்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் லைனைக் கிராசிங்கிலிருந்து சில மீட்டர் பின்னால் தள்ளிப் போடச் சொல்வதும் இதற்காகத்தான். முனையை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் இதே மறைப்பை நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

உங்கள் சந்திப்பு சரியில்லை என்று மனு எழுதுவதாக இருந்தால், ‘ஆபத்தாக உள்ளது, ஆவன செய்யவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மாதிரி மனுக்கள் என் மேசைக்கு நிறைய வரும்; எதை மாற்றுவது என்று அவற்றிலிருந்து தெரியாது. போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பச்சை எத்தனை நொடி, அடுத்த பச்சைக்கு எத்தனை நொடி, சாலை எத்தனை மீட்டர், உங்கள் வீட்டுப் பெரியவர் கடக்க எத்தனை நொடி ஆனது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று குறித்து அனுப்புங்கள். பாட்டி நின்ற அந்தச் சந்திப்பில் அப்படி ஒரு தாள்தான் வேலையைக் கிளப்பியது. பச்சை இப்போது 28 நொடி. நான் கேட்டது 30; மீதி இரண்டுக்கும் நடுத்திட்டுக்கும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.