தொட்டியில் ஊற்றும் தண்ணீர் செடியைக் கழுவுமா?

கனடாவில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "வீட்டில் சட்டப்படி நான்கு கஞ்சாச் செடிகள் வளர்க்கிறேன். அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உரத்தை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, செடிக்குள் தங்கியிருக்கும் உரத்தைக் கழுவி எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் புகை தொண்டையைக் கரிக்குமாம், சாம்பல் கறுப்பாக விழுமாம். இதில் எவ்வளவு உண்மை?"

இதற்கு வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபிளஷ்'. கஞ்சா வளர்ப்பது பல நாடுகளில் இன்றும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கனடாவின் கூட்டரசுச் சட்டம் 2018 முதல் வீட்டுக்கு 4 செடிவரை அனுமதிக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவர் 3 செடி வைத்துக்கொள்ளலாம். கேள்வி என்னவோ கஞ்சாவைப் பற்றியது. பதில் எல்லாச் செடிகளின் வேருக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சரியான பாதியைச் சொல்லிவிடுகிறேன். உரம் என்பது நீரில் கரையும் உப்பு. செடி எடுத்துக்கொண்டது போக மிச்சம் மண்ணிலோ தென்னை நார்த்தூளிலோ தங்கிவிடும். தொட்டியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை நுனி கருகுவதும் அதனால்தான். நிறையத் தண்ணீர் விட்டு அடித்துளை வழியாக வடியவிட்டால் அந்த உப்பு கரைந்து போய்விடும். உவர் நிலத்தைத் திருத்துவதும் இதே முறையில்தான். ஆகவே தொட்டியைக் கழுவ முடியும், அதில் சந்தேகமே இல்லை.

செடியைக் கழுவ முடியுமா?

வேர்த்தூவி, சவ்வூடு பரவல், சைலம், நீராவிப்போக்கு எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதில் சொல்லாமல் விட்ட ஓர் இடத்தில் கொஞ்சம் நிற்போம். மண்ணிலிருந்து வரும் நீர் வேரின் புறணிக்குள், அதாவது தோலுக்கு அடுத்திருக்கும் வெளிப்பகுதிக்குள், நுழைய எந்தச் செல்லிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செல்சுவர்கள் வழியாகவே, துணியில் ஈரம் ஊறுவதுபோல், உள்ளே வந்துகொண்டிருக்கும். கரைந்த உப்பும் கூடவே வரும். இந்தச் சலுகை அகத்தோல் வரைக்கும்தான். வேரின் நடுவிலுள்ள குழாய்க் கற்றையைச் சுற்றி ஒரே ஒரு செல் தடிமனில் நிற்கும் வளையம் அது. அந்த வளையத்தில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும், இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல், ஒரு பட்டை உண்டு. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, செங்கற்களுக்கு நடுவே சிமெண்ட் பூசியதுபோல் இடைவெளியை அடைத்துவிடுகின்றன. ராபர்ட் காஸ்பாரி என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1865-ல் விவரித்ததால் இதற்குக் காஸ்பாரியன் பட்டை என்று பெயர்.

கல்லூரி ஆய்வகத்தில் இதை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேரட் துண்டின் பிளவில் வேரைச் செருகி, சவரப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, சஃப்ரானின் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பதினைந்து சீவல் வீண். பதினாறாவதில், வெளிறிய புறணிக்கு உள்ளே, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஒரு வட்டம் கட்டி நின்றன. மணி அடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பட்டை தக்கையில் இருக்கும் சூபரின் என்ற மெழுகுபோன்ற பொருளால் ஆனது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை வைத்து, 2011-ல் பட்டை எந்த இடத்தில் அமைய வேண்டும் என்று குறித்துத்தரும் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். 2012-ல், பட்டைக்கு லிக்னினே போதும், அதாவது மரத்துக்கு உறுதி தரும் அதே பொருள், என்று காட்டினார்கள். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். வேர்ச்செல்லைக் கெட்டியான உப்புநீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, செல் சவ்வு சுவரைவிட்டு விலகும். அகத்தோல் செல்லிலோ எல்லாப் பக்கமும் விலகினாலும் பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் சவ்வு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவருக்கும் சவ்வுக்கும் இடையில்கூட ஒரு சொட்டு நழுவ வழி கிடையாது.

ஆக, நீரும் உப்பும் உள்ளே போக வேண்டுமானால் செல் சவ்வைக் கடந்துதான் போக வேண்டும். எந்த அயனியை விடுவது, எவ்வளவு விடுவது என்று சவ்வில் இருக்கும் கடத்துப் புரதங்கள் தீர்மானிக்கும். இதே தடுப்பு மறுபக்கமும் வேலை செய்கிறது என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். சைலத்துக்குள் சேர்த்துவைத்த உப்பு, வெளியே வெறும் தண்ணீர் நிற்கிறது என்பதற்காகத் திரும்பிக் கசிந்து போய்விடாது. கசிந்தால் ஒவ்வொரு பெருமழைக்கும் செடி தன் சேமிப்பை இழக்க வேண்டியிருக்கும். அப்புறம், நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி தொட்டியின் அடியில் வடிந்துவிடுகிறது. செடிக்குள் ஏறுவது மேல்நோக்கித்தான் போகிறது. இலைவரை போய் ஆவியாகிறது. ஆவியாகும்போது உப்பைக் கொண்டுபோவதில்லை, விட்டுவிட்டுத்தான் போகிறது.

"ஆனால் ஃபிளஷ் செய்தால் இலை மஞ்சளாகிறதே, உரம் வெளியேறுவது கண்ணுக்கே தெரிகிறதே" என்பார்கள். அது வெளியேற்றம் இல்லை, பட்டினி. தழைச்சத்து (நைட்ரஜன்) வருவது நின்றதும், செடி தன் முதிர்ந்த இலைகளில் இருக்கும் பச்சையத்தையும் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ரூபிஸ்கோ புரதத்தையும் பிரித்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை ஃபுளோயம் என்ற உணவுக் குழாய் வழியாக வேறிடத்துக்கு அனுப்புகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் மூன்றும் அப்படியே நகரக்கூடியவை. சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) நகராது, போன இடத்திலேயே இருந்துவிடும். சரி, நகர்ந்தவை எங்கே போகின்றன? அந்தப் பருவத்தில் செடி ஊட்டிக்கொண்டிருப்பது பூக்களை. எதைச் சுத்தப்படுத்த நினைக்கிறோமோ, அங்கேதான் அந்தச் சத்து போய்ச் சேருகிறது.

பட்டினியால் எந்த மாற்றமும் வராது என்று சொல்ல மாட்டேன். நீரில் வளர்க்கும் லெட்யூஸ் போன்ற கீரைகளுக்கு அறுவடைக்குச் சில நாள் முன்பு நைட்ரேட்டை நிறுத்தினால், இலையில் நைட்ரேட் அளவு நன்றாகக் குறைகிறது. அங்கேயும் அதைக் குறைப்பது தண்ணீர் அல்ல; இருப்பதைச் செடியே எடுத்துச் செலவழித்துவிடுகிறது.

கஞ்சாவில் சோதித்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் உர நிறுவனம் 0, 7, 10, 14 நாள் என நான்கு விதமாக ஃபிளஷ் செய்து ஒப்பிட்டது. விளைச்சலிலோ வீரியத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எது எந்தப் பூ என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோதும் ஃபிளஷ் செய்தது மேல் என்ற முடிவு வரவில்லை. நடத்தியது உரம் விற்பவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு வருத்தம் இதில்தான். 1961-ம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் இந்தச் செடியை மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது 2020 டிசம்பரில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் ஆய்வகங்கள் இதைத் தொடவே தயங்கின, இதன் வளர்ப்பை ஆராயப் பொதுப்பணம் பெரிதாக வரவில்லை. கேட்டறிந்ததும் நம்பிக்கையும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. இந்தச் செடியை மருந்தாக நோயாளிகளுக்குக் கொடுக்கும் அரசுகள், அதன் வேளாண்மையை ஆராயவும் பணம் கொடுக்க வேண்டும்.

புகை தொண்டையைக் கரிப்பதற்குக் காரணம் தேட வேண்டுமானால் அறுவடைக்குப் பிந்திய நாட்களில் தேடுங்கள். வெட்டிய பூ உடனே செத்துவிடுவதில்லை. ஈரம் இருக்கும்வரை செல்கள் சுவாசிக்கின்றன, நொதிகள் பச்சையத்தையும் சர்க்கரையையும் சிதைத்துக்கொண்டிருக்கின்றன. வேகமாகக் காயவைத்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். மிக மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். எரியும்போது எந்தப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்தான், ஃபிளஷ் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

சாம்பல் விஷயம் எளிது. கறுப்பு என்பது முழுதாக எரியாமல் போன கரி. ஈரம் மிச்சமிருந்தால் அப்படித்தான் ஆகும். புகையிலை விவசாயிகளுக்கு இன்னொன்றும் தெரியும்: இலையில் குளோரைடு கூடினால் சரியாக எரியாது, சாம்பல் சத்து இருந்தால் நன்றாக எரியும். உரச்சத்து தீர்ந்ததற்கு அடையாளம் என்று காட்டுகிற அந்த வெள்ளைச் சாம்பலில் இருப்பது சுண்ணாம்பும் பொட்டாசியமும் மக்னீசியமும், அதாவது வேர் வழியாக ஏறிய அதே தாதுக்கள்.