பரிசுக்குச் சுட்டால் கயோட்டி குறையாது

குளிர்காலம் வந்ததும் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கயோட்டி (நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) சுடும் போட்டிகளின் அறிவிப்புகள் மறுபடியும் கிளம்பிவிடுகின்றன. இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, நுழைவுக் கட்டணம், 24 அல்லது 48 மணி நேரக் கெடு. அதிகக் கயோட்டிகளைச் சுட்டவர்களுக்கு முதல் பரிசு, எடை கூடியதற்கு ஒன்று, சில இடங்களில் மிகச் சிறியதற்கும் ஒன்று. அடிபட்ட முயல் அலறுவதுபோல் ஒலிக்கும் கருவியை வைத்து விலங்கை வரவழைக்கிறார்கள். முந்தைய நாளே சுட்டதைக் கொண்டுவந்துவிடக் கூடாதென்று உடலின் விறைப்பைச் சோதிக்கிறார்கள். எடை போட்டபின் உடல்களைப் பாலைவனத்தில் கொட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம்தான் பொறுக்க முடியாதது: "கயோட்டி பெருகிவிட்டது, ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்றுகிறோம்." இல்லை. ஒரு கயோட்டிக் கூட்டத்தில் பொதுவாக ஒரே ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்ற பெண் விலங்குகள் அந்த ஜோடி இருக்கும்வரை அடங்கியிருக்கும். ஜோடியில் ஒன்று செத்தால் கட்டு உடைகிறது. அடங்கியிருந்தவை இனப்பெருக்கத்தில் இறங்கும், எல்லையில் திரிந்தவை உள்ளே நுழையும், மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைப்பதால் பிழைக்கும் குட்டிகளும் கூடும். போட்டிகள் பலவும் நடப்பது இனச்சேர்க்கைக் காலத்தையொட்டி. ஏப்ரல், மே மாதங்களில் புதுக் குட்டிகள் வந்துவிடும். ஆண்டுக்கு 70 சதவீதத்தைக் கொன்றாலும் இந்த இனம் தாக்குப்பிடிக்கும் என்று 1975இலேயே ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். நூறாண்டுக்கும் மேலாகச் சுட்டும் நஞ்சு வைத்தும், முன்பு மேற்கிலும் சமவெளியிலும் மட்டும் இருந்த கயோட்டி இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆட்டுக்குட்டி விஷயத்துக்கும் வருவோம். குட்டிகளுக்கு இரை தேட வேண்டிய ஜோடிதான் ஆடுகளை அதிகம் அடிக்கும். யூட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வில் கருத்தடை செய்யப்பட்ட ஜோடிகள் குறைவான ஆட்டுக்குட்டிகளையே கொன்றன. பண்ணையிலிருந்து வெகுதொலைவில், பொது நிலத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் சுடும் போட்டிக்கு எது ஆடு அடித்தது, எது எலி தின்று வாழ்ந்தது என்று தெரியாது. பண்ணைக்கு வேண்டியது வேறு: காவல் நாய்கள், இரவில் பட்டியடைப்பு, குட்டி ஈனும் காலத்தில் கொட்டகை, செத்த ஆட்டை உடனே அப்புறப்படுத்துவது. கயிற்றில் தொங்கும் கொடித்துணி வேலியும் உதவும், ஆனால் சில வாரங்களில் விலங்குக்குப் பழகிவிடும். குட்டி ஈனும் நேரத்துக்கு மட்டும் கட்டி, பிறகு அவிழ்த்துவிடுங்கள்.

இத்தகைய பரிசுப் போட்டிகளுக்கு 2014இல் கலிபோர்னியா முதலில் தடை விதித்தது. 2019இல் நியூ மெக்சிகோ, அரிசோனா, 2020இல் கொலராடோ, 2023இல் நியூயார்க் என்று வேறு மாநிலங்களும் சேர்ந்தன. தடையில்லாத மாநிலங்களில் கூட்டரசின் நிலம் இன்னும் திறந்தே கிடக்கிறது. நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர்.

அங்கே ஒரு பிடி இருக்கிறது. அந்த நிலத்தில் போட்டி நிகழ்வு நடத்தச் சிறப்புப் பொழுதுபோக்கு அனுமதி வேண்டும். 2014 நவம்பரில் ஐடஹோவில் ஒரு போட்டிக்குக் கொடுத்த அனுமதியை, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் பணியகம் திரும்பப் பெற்றது. ஆகவே அறிவிப்பைப் பார்த்தால் முகநூலில் கோபப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். தேதி, எடைபோடும் இடம், பரிசு விவரம் தெரியும்படி அதைப் படமெடுத்து, அந்தப் பகுதியின் கள அலுவலகத்துக்கு அனுப்பி, "அனுமதி இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். சுடுபவர்கள் தனித்தனி உரிமத்தில் வேட்டையாடுகிறார்கள், எடைபோடுவது தனியார் இடத்தில்தான் என்று அலுவலகத்தில் சொல்லலாம். அந்தப் பதிலையும் எழுத்திலேயே வாங்கி, உங்கள் மாநில வனவிலங்கு ஆணையத்தின் பொதுக் கூட்டத்தில் வையுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு படி.

களத்தில் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள், அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது. கொட்டிய உடல்களைக் கண்டால் தொடாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடியுங்கள். உடலில் சிதறிய ஈயத் துணுக்கும் உண்ணியும் தெள்ளும் இருக்கலாம். அந்த ஈயம் பிணம் தின்ன வரும் கழுகுகளுக்கும் நஞ்சு. இடக்குறியீட்டோடு படமெடுத்து, அன்றைக்கே வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.