நடுக்குவாதம்: கை நடுங்குகிறதா, நடுக்கப்படுகிறதா?

பெரியப்பா வலது கையைத் தொடைமேல் போட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி உரசி உருண்டுகொண்டே இருக்கும், கையில் இல்லாத ஒரு ருத்திராட்ச மணியை உருட்டுவதுபோல. பெரியம்மா காபி டம்ளரை நீட்டுவார். கை எழும். எழுந்ததுமே உருட்டல் நின்றுவிடும். சிந்தாமல் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துக் கையைத் தொடைக்குத் திருப்புவார். கொஞ்ச நேரத்தில் அந்த இல்லாத மணி மறுபடி உருள ஆரம்பிக்கும்.

ஊரில் எல்லோரும் இதற்கு வைத்த பேர் 'நரம்புத் தளர்ச்சி'. அந்தப் பேரை நம்பி இரண்டு வருஷம் டானிக்கும் சத்து மாத்திரையும் சாப்பிட்டார். அப்புறம்தான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பார்க்கின்சன் நோய் என்றார். அங்கே கொடுத்த தமிழ்க் கையேட்டில் 'நடுக்குவாதம்' என்று அச்சிட்டிருந்தது. ஒரே கைக்கு மூன்று பேர். இதில் எது சரி என்று தேடப்போய்த் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தவறான பேர் எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்தைத் தின்றிருக்கிறது. அதனால் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை எனக்கு.

முதலில் 'நடுக்கு' என்ற சொல். நடுங்கு என்பது தன்வினை, நடுக்கு என்பது பிறவினை. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு போலத்தான். கை தானாக நடுங்கும். இன்னொன்று அதை நடுக்கும். மூட்டுகளை முடக்கும் வாதம் முடக்குவாதம். உடம்பை நடுக்கும் வாதம் நடுக்குவாதம். சிலர் இதை 'நடுங்குவாதம்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அந்த 'ங்' வந்தால் பொருளே திரும்பிவிடுகிறது, நடுங்குவது வாதம் என்று ஆகிவிடும். நோயின் இயக்கத்தைப் படித்த பிறகு இந்தப் பிறவினைமேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நடுக்கம் பழைய சொல். தொல்காப்பிய உரியியலில் 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்று ஒரு நூற்பா உண்டு. அதிர்வு, விதிர்ப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் நடுக்கத்தையே பொருளாகச் சொல்கிறது, அதாவது எல்லோருக்கும் தெரிந்த சொல் அன்றைக்கே நடுக்கம்தான். சங்கப் பாட்டுகளில் 'பனித்தல்' என்றாலும் நடுங்குதல்தான். ஆங்கிலத்தில் சொல்லும் 'ட்ரெமர்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கேயும் மூலப் பொருள் நடுங்குவதுதான். நிலம் ஆடினாலும் கை ஆடினாலும் அதே சொல்லை அவர்கள் சொல்வதுபோல நாமும் நிலநடுக்கம், கைநடுக்கம் என்கிறோம். வடமொழி வழியாக வந்த கம்பம் என்ற சொல்லும் அப்படியே: பூகம்பம், கம்பவாதம். ஆனால் கம்பம் என்றால் இன்று தமிழில் முதலில் நினைவுக்கு வருவது மின்கம்பம். அதனால் கம்பவாதம் மருத்துவ நூல்களோடு நின்றுவிட்டது. உதறுவாதம் என்றும் சொல்வார்கள். ஈரத் துணியை உதறுவதை நினைத்துப் பாருங்கள், பெரிய வீச்சான அசைவு அது. பெரியப்பாவின் விரல் செய்தது உதறல் இல்லை.

இந்தச் சொல்லில் ஒரு சங்கடமும் உண்டு. தமிழில் பயந்தாலும் நடுங்குவோம், குளிர்ந்தாலும் நடுங்குவோம். கல்யாண வீட்டில் பெரியப்பாவின் கையைப் பார்த்து, "ஏன் மாமா இப்படிப் பதறுறீங்க, நாங்க எல்லாம் இல்லையா?" என்று ஒருவர் தோளைத் தட்டினார். பெரியப்பா பதறவில்லை. ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கை இன்னும் வேகமாக ஆடியது. மன அழுத்தம் இந்த நடுக்கத்தைக் கூட்டும். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னால்கூடக் கூடும். மருத்துவர்கள் பரிசோதனையில் அப்படிச் செய்யச் சொல்வதே அதற்காகத்தான். கூட்டுவது மனம், உண்டாக்குவது மனம் இல்லை.

சரி, உண்டாக்குவது எது? இடது கையால் உங்கள் வலது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மேலே மடக்கும்போது ஒரு பக்கத் தசை இறுகும், கீழே மடக்கும்போது எதிர்ப்பக்கத் தசை இறுகும். பார்க்கின்சன் நடுக்கத்தில் நடப்பதும் இதுவே. எதிரெதிர்த் தசைகள் மாறி மாறி, நொடிக்கு 4 முதல் 6 தடவை சுருங்குகின்றன. தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்தால் ஒன்று ஓயும்போது மற்றது எழுவது வரி வரியாகத் தெரியும். தாறுமாறான ஆட்டம் இல்லை இது. தாளம் தப்பாத ஆட்டம்.

தசையில் பழுது இல்லை. தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணு துடித்தால் அதன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கும், தசையிழை சுருங்கும். அந்த வேலை ஒழுங்காகவே நடக்கிறது. நொடிக்கு ஐந்து முறை கட்டளை வருகிறது, நொடிக்கு ஐந்து முறை தசை கீழ்ப்படிகிறது. நரம்பு தளர்ந்திருந்தால் இவ்வளவு துல்லியமாகத் தாளம் போட முடியுமா? 'நரம்புத் தளர்ச்சி' என்ற பேர் இங்கேதான் அடியோடு விழுகிறது.

கட்டளையின் தாளம் பிசகுவது மூளையில். நடுமூளையில் 'சப்ஸ்டான்சியா நைக்ரா' என்று ஒரு பகுதி, லத்தீனில் கறுப்புப் பொருள் என்று அர்த்தம். அங்கே உள்ள நிறமி ஏறிய நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து மேலே அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அந்தக் கறுப்பே வெளிறிப்போகிறது. இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் காட்டினார். டோபமின் குறைந்ததும் பேசல் கேங்லியா என்ற ஆழத்து நரம்பணுத் திரளில், தனித்தனியாகத் துடிக்க வேண்டிய அணுக்கள் கூட்டமாக ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. அந்தத் தாளம் அசைவுக்குக் கட்டளையிடும் மூளை மேற்பரப்பான இயக்கப் புறணிக்குப் போய், மூளையின் நடுவில் உள்ள தலாமஸையும் சிறுமூளையையும் உள்ளிழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் ஒன்றை நம் வீட்டு ஃபேனை வைத்தே சொல்லலாம்: நடுக்கத்தின் சுவிட்சைப் போடுவது பேசல் கேங்லியா, அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகுவது சிறுமூளைச் சுற்று. டோபமினாக மாறும் லெவோடோபா மருந்துக்கு உடம்பின் மந்தம் நன்றாகக் கேட்கும்போதும், சிலருக்கு நடுக்கம் மட்டும் பிடிவாதம் பிடிப்பது ஏன் என்பது இதில் ஓரளவு புரிகிறது. விஷயம் டோபமினோடு முடியவில்லை.

டம்ளரை எடுக்கக் கை நீளும்போது புதுக் கட்டளை அந்தச் சுற்றைக் கலைக்கிறது, நடுக்கம் அடங்குகிறது. டம்ளரை அப்படியே நீட்டிப் பிடித்திருந்தால் சில நொடிகளில் திரும்ப வரலாம். கை சும்மா இருக்கும்போது வருவதால் இதற்கு 'ஓய்வுநிலை நடுக்கம்' என்று பேர், இது நல்ல தமிழ்ச் சொல். பொருளை எடுக்கும்போது, எழுதும்போது, கையை நீட்டும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் வேறு வகை. மருத்துவரிடம் "கை நடுங்குது" என்று மட்டும் சொல்லாமல், சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா என்று சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

1987இல் பிரான்சின் கிரெனோபிளில் மூளை அறுவை மருத்துவர் ஆலிம் லூயி பெனாபிட் அறுவைச் சிகிச்சையின்போது தலாமஸில் மெல்லிய மின்முனையை வைத்து நொடிக்கு நூறு தடவைபோல மின்துடிப்பு கொடுத்தார். நடுக்கம் அங்கேயே நின்றது. கையை யாரும் தொடவில்லை. கை நடுங்கவில்லை, நடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை. நடுக்கு என்ற பிறவினைமேல் வந்த மரியாதை இதனால்தான்.

சொல்லின் பின்பாதிதான் உதைக்கிறது. வாதம் என்பது சித்த, ஆயுர்வேத மரபில் உடம்பின் மூன்று கூறுகளில் ஒன்று, தமிழில் வளி. 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று வள்ளுவர் சொல்வது அதையே. அந்தப் பொருளில் குறையில்லை. ஆனால் இன்று தெருவில் வாதம் என்றால் பக்கவாதம், கை கால் விழுந்துபோவது. நடுக்குவாதம் என்று கேட்டதும் பெரியம்மா முதலில் கேட்டது, "ஒரு பக்கம் விழுந்துடுமா?"

இதே சிக்கல் மேற்கிலும் வந்திருக்கிறது. லண்டனின் ஹாக்ஸ்டனில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரை வைத்து எழுதிய சிறு நூலில் இந்த நோய்க்கு 'ஷேக்கிங் பால்சி' என்றே பேர் கொடுத்தார், நடுங்கும் வாதம் என்று சொல்லலாம். பிற்பாடு பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ அதை மறுத்தார். நோயாளிகளின் தசை பலம் பெரிதாகக் குறைவதில்லை, எல்லோருக்கும் நடுக்கமும் இருப்பதில்லை, பிறகு இந்தப் பேர் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். பார்க்கின்சன் பேரையே நோய்க்கு வைக்கச் சொன்னார். இன்றைய கணக்கிலும் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு நோய் தொடங்கும்போது நடுக்கம் இருக்காது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும், நடக்கும்போது ஒரு கை வீசாது. நடுக்கம் இல்லையே, நடுக்குவாதமாக இருக்காது என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

ஆகவே நோயைப் பார்க்கின்சன் நோய் என்றே எழுதுகிறேன். ஆட்பெயர் தமிழாகாது என்ற கவலை எனக்கு இல்லை. அறிகுறிக்கு ஓய்வுநிலை நடுக்கம். நடுக்குவாதம் ஏற்கெனவே அச்சில் ஊன்றிவிட்ட சொல், பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு இருக்கட்டும். நரம்புத் தளர்ச்சியை மட்டும் இந்த நோய்க்குப் பக்கத்தில்கூட வரவிடாதீர்கள்.

தூக்கத்தில் இந்த நடுக்கம் நின்றுவிடும். பெரியம்மா ராத்திரி வாசற்படியில் நின்று அந்த வலது கையைத்தான் பார்ப்பார். விரல் உருளாமல் இருந்தால், "தூங்கிட்டார்" என்று சொல்லி விளக்கை அணைப்பார்.