போல்ட் ஒரு ஸ்பிரிங்

பெர்த்தில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மூன்று வருடமாகத் தன் வீட்டு கராஜில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பெட்டி பெட்டியாக வரும் கிட் அது. அலுமினியத் தகடு, ரிவெட், போல்ட் எல்லாம் உள்ளே இருக்கும், சேர்ப்பது நம் வேலை. தீபாவளிக்கு சிங்கப்பூர் வந்தவர், தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, "கால் அங்குல போல்ட் ரெண்டு தொலைஞ்சு போச்சு மச்சான், ஜாலான் புசார் ஹார்டுவேர் கடையில வாங்கிக்கலாமா?" என்று கேட்டார். நான் சிலேத்தாரில் பதினைந்து வருடமாக விமானப் பராமரிப்பு வேலை செய்கிறவன். அவரை உட்கார வைத்து, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போல்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இரண்டு தகடுகளின் ஓட்டையில் செருகிய ஓர் ஆணி, தகடு நகராமல் தடுக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். ஏழெட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையால் அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் புத்தகத்தை யாரும் பிடிக்கவில்லை, ஆனாலும் விழாது, ஏனென்றால் அழுத்தத்தில் வரும் உராய்வு அதைத் தாங்குகிறது. நன்றாக முறுக்கிய போல்ட் தகடுகளை அப்படித்தான் பிடிக்கிறது. நட்டை முறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது, நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் தகடுகளை நெருக்குகிறது. கால் அங்குல போல்ட்டைச் சரியாக முறுக்கினால் அந்த இழுப்பு அரை டன்னுக்கு அருகில் வரும். அதற்காக அது நீளும் அளவோ, ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

விமானத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இன்ஜின் அதிர்வும் காற்றின் குலுக்கலும் ஒரே இடத்தை லட்சக்கணக்கான தடவை இழுத்து இழுத்து விடும். லூசாக இருக்கும் போல்ட் அந்த இழுப்பை ஒவ்வொரு தடவையும் முழுசாக வாங்கும், நாளடைவில் மரையின் பள்ளத்தில் விரிசல் விழும். ஆனால் ஏற்கெனவே அரை டன் இழுப்பில் இருக்கும் போல்ட்டுக்கு, வெளியிலிருந்து 100 கிலோ வந்து வந்து போனாலும் அதில் சிறு பகுதிதான் போய்ச் சேரும், மீதியை நெருக்கப்பட்ட தகடுகளே வாங்கிக்கொள்ளும். லூசான போல்ட்தான் சீக்கிரம் களைத்து உடையும் என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை.

சரி, கடை போல்ட் ஏன் கூடாது? வலு குறைவு என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது சரியான பதில் கிடையாது. சின்ன விமானங்களில் அதிகம் பயன்படும் ஏஎன் (AN) என்ற தர வகை எஃகு போல்ட்டின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் அளவு, சதுர அங்குலத்துக்கு 125,000 பவுண்டு. கடையில் தலையில் 10.9 என்று அச்சிட்டுக் கிடைக்கும் போல்ட் அதைவிட வலுவானது. சிக்கல் அளவில் இருக்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், கடைக்காரர் "ஏறக்குறைய அதேதான்" என்று எடுத்துக் கொடுப்பது 6 மில்லிமீட்டர். அந்த 0.35 இடைவெளியில் போல்ட் ஆடும், ஓட்டை நீள்வட்டமாகத் தேயும். அப்புறம் கடை போல்ட்டுகள் பலவற்றுக்குத் தலை வரை மரை இருக்கும், விமான போல்ட்டுக்கு நுனியில் மட்டும்தான். தகட்டுக்குள் இருக்க வேண்டியது வழவழப்பான தண்டுப் பகுதி. மரை உள்ளே போய்விட்டால் அது அரம் மாதிரி அலுமினியத்தை அராவும், பக்கவாட்டுச் சுமை வரும்போது வெட்டுப்படுவதும் அந்த மெலிந்த இடத்தில்தான்.

அதனால் தேர்ந்தெடுப்பது என்றாலே முதலில் அந்த வழவழப்பான பகுதியின் நீளத்தைப் பார்ப்பதுதான். தகடுகளின் மொத்தக் கனமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஎன் போல்ட்டின் பெயரிலேயே அளவு இருக்கிறது: ஏஎன்4 என்றால் பதினாறில் நான்கு, அதாவது கால் அங்குல விட்டம். ஏஎன்3 என்றால் பதினாறில் மூன்று. ஏஎன்4-7 மாதிரி, நடுவில் வரும் சிறு கோட்டுக்குப் பிறகு இருப்பது நீளம், அதை எட்டில் ஒரு பங்குக் கணக்கில் படிக்க வேண்டும். 7 என்றால் எட்டில் ஏழு அங்குலம், அதற்கு அடுத்து 8 வராது, 10 வரும், அது ஓர் அங்குலம். 11 என்றால் ஓர் அங்குலமும் எட்டில் ஒன்றும். மச்சான் இங்கேதான் குழம்பியிருந்தார், 10-ஐ எட்டில் பத்து என்று எடுத்துக்கொண்டு நீளத்தை மாற்றி ஆர்டர் செய்திருக்கிறார். கடைசியில் ஏ எழுத்து இருந்தால் நுனியில் காட்டர் பின், அதாவது நட் கழலாமல் குறுக்கே செருகும் கம்பி, போக ஓட்டை இல்லை என்று அர்த்தம்.

நீளம் எட்டில் ஒரு பங்காகத்தான் கூடும், தகட்டின் கனமோ அப்படி ஒத்துவராது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாஷர். வழக்கமான வாஷர் பதினாறில் ஒரு அங்குலக் கனம், மெல்லியது அதில் பாதி. கலந்து போட்டு நட் சரியாக உட்காரும்படி செய்யலாம், ஆனால் மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டியிருந்தால் போல்ட்டின் நீளமே தவறு. முறுக்கி முடித்தபின் நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு முழு மரையாவது தெரிய வேண்டும்.

கண்ணால் ஒப்பிட்டு எடுக்கவே கூடாது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு 1990 ஜூன் 10-ஆம் தேதி ஒரு காரணம். பர்மிங்ஹாமிலிருந்து மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி சுமார் 17,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது, கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது, ஊழியர்கள் தரையிறங்கும் வரை அவரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் உயிர் பிழைத்தார்கள், கேப்டனும்தான். முந்தைய நாள் அதிகாலையில் மாற்றிய கண்ணாடி அது. போட்ட 90 போல்ட்டில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.66. பொருத்தியவர் கழற்றிய பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்திருந்தார்.

இனி முறுக்குவது. ஏஎன்4-க்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு (முறுக்கை அளக்கும் அலகு). காருக்கு வாங்கிய பெரிய டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்கின் அளவைக் காட்டும் ரெஞ்ச், அடி-பவுண்டில் இருக்கும், அதில் 50 வைத்தால் பன்னிரண்டு மடங்கு, போல்ட் ஒடிந்துவிடும். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது, பாதி நட்டின் அடியில், மீதி மரையில். போல்ட்டை நீட்டுவது கடைசியில் மிஞ்சும் ஒரு பங்கு. அதனால்தான் மரையில் எண்ணெய் தடவக் கூடாது, கையேட்டில் சொல்லியிருந்தால் தவிர: உராய்வு கொஞ்சம் குறைந்தாலே, ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது போல்ட் மிக அதிகமாக நீண்டிருக்கும். முடிந்தவரை நட்டைத்தான் திருப்ப வேண்டும், தலையைத் திருப்பினால் ஓட்டைக்குள் தண்டு உரசுவதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நைலான் வளையம் வைத்த நட் தானாகவே மரையைக் கவ்வும், அதைத் திருப்பவே கொஞ்சம் முறுக்கு வேண்டும். நட் தகட்டைத் தொடுவதற்கு முன்பே அது எவ்வளவு என்று அளந்து, 50-க்கும் 70-க்கும் நடுவிலான 60-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த நைலான் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், ஆகவே இன்ஜின் பக்கத்தில் முழுக்க உலோகத்தாலான பூட்டு நட். கட்டுப்பாட்டுக் கம்பிகளின் மூட்டு போல, போல்ட்டே சுழல வாய்ப்புள்ள இடத்தில் இரண்டுமே போதாது, கோட்டைச் சுவர் மாதிரி வெட்டு விட்ட காசில் நட் போட்டுக் காட்டர் பின் செருகியே ஆக வேண்டும். போல்ட்டின் தலை மேலேயோ முன்னாலேயோ இருக்கட்டும். நட் கழன்று விழுந்தாலும் போல்ட் ஓட்டையிலேயே நிற்கும்.

முறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு கோடு மாதிரி பெயின்ட் இடுவார்கள். நட் அசைந்தால் கோடு உடைந்து தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீடியோ காலில் இறக்கையின் அடியில் படுத்துக்கொண்டு, பதினாறு நட்டையும் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துக் காட்டினார். பதினான்கில் ஆரஞ்சுக் கோடு இருந்தது. மற்ற இரண்டு ஓட்டையும் காலியாக இருந்தன, போல்ட் இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது.