தலைக்கு மேலே மூன்று விரல்

ஆஸ்டன் மார்ட்டின் ராபீட் காரின் பின்கதவு திறக்கும்போது பக்கவாட்டில் மட்டும் விரியாது, 12 டிகிரி மேல்நோக்கியும் எழும்பும். அன்னம் சிறகைத் தூக்குவது போல இருக்கும். அதைப் பார்த்து நிற்பதே ஒரு சுகம். அப்புறம் உள்ளே ஏற வேண்டும். முதலில் ஒரு காலை வைத்து, உடம்பை ஒருக்களித்து, இடுப்பை இறக்கி, கடைசியில் தலையைக் குனிந்து உள்ளே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் உயரமான ஆளாக இருந்தால் முழங்கால் முன்சீட்டின் முதுகைத் தொடும், தலைமுடி கூரைத் துணியில் உரசும்.

போர்ஷே பனமேராவின் பின்சீட்டில் இந்தப் பாடு கிடையாது. ஆறடி ஆள்கூட முதுகைச் சாய்த்து நிம்மதியாக உட்காரலாம். ஆனால் 2009ல் அந்தக் கார் வெளிவந்தபோது அதன் பின்பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கூன் விழுந்த முதுகு என்றார்கள். அதே ஆண்டில் அறிமுகமான ராபீடை, நாலு கதவு கார்களிலேயே அழகி என்று கொண்டாடினார்கள்.

இரண்டும் நாலு பேர் உட்காரும் கார்கள்தான், இரண்டும் சுமார் ஐந்து மீட்டர் நீளம்தான். பனமேராவின் உயரம் 1,418 மி.மீ., ராபீடின் உயரம் 1,360 மி.மீ. வித்தியாசம் 58 மி.மீ., அதாவது மூன்று விரலைச் சேர்த்துவைத்த அகலம். ஒரு கார் அழகாகத் தெரிவதற்கும், அதில் மனிதர்கள் உட்கார முடிவதற்கும் நடுவே நடக்கும் இழுபறி பெரும்பாலும் இந்த மூன்று விரலுக்குள்தான் நடக்கிறது.

ஒரு காரின் உயரம் எங்கிருந்து வருகிறது என்று சாலையிலிருந்து மேலே அடுக்கிப் பார்க்கலாம். சாலைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் நடுவே 14 செ.மீ. அடித்தகடும் விரிப்பும் சேர்ந்து 4. குதிகால் ஊன்றும் இடத்திலிருந்து இடுப்பு மூட்டு வரை 27. இடுப்பு மூட்டிலிருந்து உச்சந்தலை வரை, உயரமான ஒருவர் சாய்ந்து உட்கார்ந்த நிலையில், 88. தலைக்கு மேல் கொஞ்சம் காற்று, 4. கூரைத் துணி, நுரை, தகடு எல்லாம் சேர்த்து 5. கூட்டினால் 142 செ.மீ. இவை நான் தோராயமாக எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனாலும் பனமேராவின் உயரத்துக்கு ஒரு செ.மீ.கூட விலகாமல் வந்து நிற்கிறது. அந்தக் கூன் வடிவமைப்பாளரின் ரசனைக் குறைவால் வந்ததில்லை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இடுப்பு மூட்டு இருக்கும் இடத்துக்கு கார்ப் பொறியாளர்கள் எச்-பாயின்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காருக்குள்ளே எல்லா அளவுகளுக்கும் அதுதான் தொடக்கப் புள்ளி. தலைக்கு மேல் எவ்வளவு இடம் என்று கம்பெனிகள் அச்சிட்டுத் தரும் எண்ணைக்கூட தலையிலிருந்து அளப்பதில்லை. இந்தப் புள்ளியிலிருந்து 8 டிகிரி பின்னால் சாய்ந்த ஒரு கோட்டில் கூரைத் துணி வரை அளந்து, அதோடு 102 மி.மீ. கூட்டிக்கொள்கிறார்கள். அந்த 102, சீட்டில் அமுங்கியிருக்கும் உடம்புக்கான கணக்கு.

சரி, இந்த அடுக்கிலிருந்து எதையாவது பிடுங்கிவிட்டால் கார் தாழ்ந்துவிடும் அல்லவா? தாழும். ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்கிறது. முதுகை இன்னும் சாய்த்து உட்காரவைக்கலாம் என்று முதலில் தோன்றும். இடுப்பிலிருந்து கழுத்து வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாய்வை 20 டிகிரியிலிருந்து 30 டிகிரி ஆக்கினால் தலை 4.4 செ.மீ. கீழே இறங்குகிறது. நல்ல லாபம் போலத் தெரிகிறது. ஆனால் அதே நேரத்தில் தலை 9.5 செ.மீ. பின்னாலும் போய்விடுகிறது. இந்த வகைக் கார்களில் பின்சீட்டுக்கு மேலே கூரை ஏற்கனவே சரியத் தொடங்கியிருக்கும். அங்கே சரிவு 12 டிகிரி என்றால், 9.5 செ.மீ. பின்னால் போன தலைக்கு மேலே கூரை 2 செ.மீ. தாழ்ந்திருக்கும். ஆக, 4.4ல் 2 போய்விட்டது. மிச்சம் 2.4 செ.மீ.தான். தேநீர் கிளாஸைப் பிடிக்கும் விரலின் பருமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இடுப்பையே இறக்கலாம். அப்போது முழங்கால் மேலே எழும்பி, தொடைக்கு அடியில் சீட் தாங்காது. ஒரு மணி நேரப் பயணத்தில் வலி தெரிந்துவிடும். அதைத் தவிர்க்க காலை முன்னால் நீட்ட இடம் வேண்டும். அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தூரம் கூட வேண்டும். இங்கே ஒரு விஷயம் என்னை வெகுநாள் யோசிக்கவைத்தது. ராபீடின் சக்கர இடைவெளி 2,989 மி.மீ., பனமேராவுடையது 2,920 மி.மீ. ராபீடுக்குத்தான் 69 மி.மீ. அதிகம். ஆனால் பின்னால் இடம் குறைவு. அந்த நீளமெல்லாம் எங்கே போயிற்று?

பானெட்டுக்குள் போயிற்று. ராபீடின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டியிருக்காமல் பின்னச்சின் அருகே இருக்கிறது. இரண்டையும் ஒரு கார்பன் ஃபைபர் தண்டு இணைக்கிறது. எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிவதால் வளைவுகளில் வண்டி அருமையாகத் திரும்பும். நீளமான பானெட்டும் கிடைத்துவிடும். முன்சக்கரத்துக்கும் முன்கதவுக்கும் நடுவே உள்ள அந்த நீண்ட இடைவெளிதான் பார்த்தவுடன் ‘இது விலையுயர்ந்த கார்’ என்று கண்ணுக்குச் சொல்கிறது. அதற்கான இடத்தைக் கொடுத்தது பின்சீட்டில் இருப்பவரின் முழங்கால்.

கண்ணுக்கு வேறு சில கணக்குகளும் உண்டு. காரின் உயரத்தைச் சக்கரத்தோடு ஒப்பிட்டுத்தான் நாம் அழகை எடைபோடுகிறோம். 20 அங்குலச் சக்கரத்தில் டயரையும் சேர்த்தால் விட்டம் 71, 72 செ.மீ. வரும். இரண்டு டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் பனமேராவின் உயரத்தை எட்டிவிடும், ராபீடைத் தாண்டிவிடும். சாதாரண செடான் கார்களில் டயர் இதைவிடச் சிறியது, உயரமும் கூடுதல். அதனால் இரண்டு டயர் அடுக்கினாலும் கூரை எட்டாது. பெரிய சக்கரமும் தாழ்ந்த கூரையும் சேர்ந்தால் கார் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஒரு தோற்றம் வரும். ஆனால் பெரிய சக்கரம் அசைய அதற்கு மேலே பெரிய வளைவு வேண்டும். பின்சக்கர வளைவு கதவைக் குடைந்துகொண்டு உள்ளே வரும், கால் வைத்து ஏறும் வழி குறுகும்.

இந்த மாதிரிக் கார்களை இவ்வளவு பேர் விரும்புவார்கள் என்று காட்டியது மெர்சிடீஸின் சிஎல்எஸ். 2004ல் விற்பனைக்கு வந்தது. அதே கம்பெனியின் இ-கிளாஸ் செடானின் அடித்தளம், அதே சக்கர இடைவெளி. மேலே மட்டும் கூரையை வில்லாக வளைத்து, பக்கக் கண்ணாடிகளைக் குறுக்கி, கதவின் மேல்சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சட்டமில்லாத கதவை ஒரு தடவை கிட்டத்தில் நின்று பாருங்கள். கைப்பிடியை இழுத்தவுடன் கண்ணாடி சில மி.மீ. கீழே இறங்கும். கதவை மூடியதும் மறுபடி ஏறி, கூரை ஓரத்து ரப்பருக்குள் போய் உட்காரும். சட்டத்தின் பருமன் இல்லாததால் கூரையின் ஓரம் மெலிசாகத் தெரியும். வேகமாகப் போகும்போது வெளியே காற்றழுத்தம் குறைந்து கண்ணாடியை வெளிப்பக்கம் இழுக்கும். அதனால் காற்று இரையாமல் இருக்க கனமான கண்ணாடியும் கூடுதல் ரப்பரும் போட வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது கண்ணுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள வழக்கு. காற்று மூன்றாவது ஆளாக உள்ளே வருகிறது.

காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் எண்ணுக்கு இழுவைக் கெழு என்று பெயர், அது குறையக் குறைய நல்லது. இழுவைக் கெழுவையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கினால் 0.65 சதுர மீட்டர் வருகிற ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ள அதற்கு சுமார் 8 கிலோவாட் போதும். 200 கி.மீ. வேகத்தில் 67 ஆகிறது. 300ல் 226 கிலோவாட், அதாவது 300 குதிரைத்திறனுக்கும் மேல், காற்றை விலக்க மட்டும். முதல் பனமேரா டர்போ மணிக்கு 303 கி.மீ. போகக்கூடியது. அந்த வேகத்தில் கூரையின் ஒவ்வொரு செ.மீ. உயரமும் எஞ்சினுக்குத் தெரியும்.

ஆனால் கூரையின் உயரத்தைவிட, அது பின்னால் எப்படி முடிகிறது என்பதுதான் முக்கியம். இதை மிகத் தெளிவாகக் காட்டியது அகமது என்ற ஆய்வாளர் 1984ல் வெளியிட்ட சோதனை. செங்கல்லைப் போன்ற ஒரு எளிய உருவம், முனை மட்டும் மழுங்கியது. அதன் பின்பக்கச் சரிவின் கோணத்தை மட்டும் மாற்றி மாற்றி, காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுக் குகையில் வைத்தார்கள். சுமார் 12 டிகிரியில் இழுவை மிகக் குறைவு. காற்று சரிவோடு ஒட்டிக்கொண்டே இறங்கி அமைதியாக விலகிப் போகிறது. சரிவைக் கூட்டக் கூட்ட இரண்டு பக்க ஓரங்களிலும் கயிறு முறுக்கியது போல இரண்டு சுழல்கள் உருவாகின்றன. அவை வண்டியைப் பின்னால் இழுக்கின்றன. 30 டிகிரியில் இழுவை உச்சத்துக்குப் போகிறது. அதையும் தாண்டினால் காற்று சரிவிலிருந்து மொத்தமாகப் பிய்ந்துகொள்ள, இழுவை திடீரென்று குறைந்துவிடுகிறது.

ஆக, பின்பக்கத்தை மெதுவாக, நீளமாகச் சரிய விட வேண்டும் என்பதில் காற்றும் அழகும் ஒரே கட்சி. இடைஞ்சல் பின்சீட்டுக்காரருக்குத்தான். 12 டிகிரி சரிவு வேண்டுமென்றால், கூரை அவர் தலைக்கு மேலேயே இறங்கத் தொடங்க வேண்டும். பனமேராவில் கூரையின் உச்சியைப் பின்னால் தள்ளி அவர் தலையைக் காப்பாற்றினார்கள். மிச்சமிருந்த குறைந்த நீளத்துக்குள் சரிவை முடிக்க வேண்டியிருந்ததால்தான் அந்தக் கனமான பின்பக்கம். அப்படியிருந்தும் இழுவைக் கெழுவை 0.29க்குக் கொண்டுவந்தார்கள். அந்த உடம்புக்கு அது பெரிய சாதனை என்பேன்.

வாலை முடிவில்லாமல் நீட்டத் தேவையில்லை என்பதை 1930களிலேயே ஸ்டுட்கார்ட்டில் வூனிபால்ட் காம் என்ற ஜெர்மன் பொறியாளர் காட்டிவிட்டார். காற்று நன்றாக ஒட்டி வரும் வரை சரியவிட்டு, பிறகு சட்டென்று வெட்டிவிட்டால் போதும், நீண்ட வாலுக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். இன்றைய கார்களின் பின்முனையில் கத்தியால் அறுத்தது போலத் தெரியும் விளிம்பு அவர் கொடுத்ததுதான்.

காற்று எப்போதும் அழகின் பக்கம் நிற்பதில்லை. வழுவழுப்பாக வளைந்து இறங்கும் முதுகு விமான இறக்கையைப் போல வேலை செய்து, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். 1998ல் வந்த ஆடி டிடி இதற்குச் சாட்சி. அது இரண்டு கதவு கார்தான், ஆனால் பாடம் ஒன்றே. அதன் உருண்டையான பின்பக்கம் மாசு மருவற்றது. அதிவேகத்தில் சில விபத்துகள் நடந்த பிறகு, விற்ற கார்களையும் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சிறிய இறக்கை பொருத்தினார்கள். பனமேராவில் அந்த இறக்கை உடம்புக்குள் மடங்கிக் கிடக்கும், வேகம் கூடினால் மேலே எழும்பும். டர்போவில் எழும்பிய பிறகு இரண்டு பக்கமும் நீண்டு அகலமாகும். நின்றிருக்கும் காரின் அழகுக்காக ஒரு வடிவம், ஓடும் காரின் பாதுகாப்புக்காக இன்னொன்று.

சரிந்த பின்கண்ணாடி இன்னொரு தொல்லை. 90 செ.மீ. நீளமுள்ள கண்ணாடி தரைக்கு 20 டிகிரியில் படுத்திருந்தால், ஓட்டுநரின் கண்ணுக்கு அது 31 செ.மீ. உயரமுள்ள ஜன்னல்தான். 15 டிகிரி என்றால் 23 செ.மீ. பின்னால் வரும் லாரியின் தலைவிளக்கு தெரியும், கூரை தெரியாது. வெயிலில் நிறுத்தினால் பின்சீட்டுக்காரரின் பிடரியில் நேராக அடிக்கும். அந்தக் கண்ணாடியோடு சேர்ந்தே டிக்கிக் கதவு திறப்பதால் பெரிய பெட்டியை வசதியாக உள்ளே தள்ளலாம். பனமேராவில் பின்சீட்டை மடக்கினால் 1,263 லிட்டர் இடம் கிடைத்தது. ஆனால் செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் நின்று உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தகடு இங்கே இருக்காது. அந்த இறுக்கத்தை வேறு இடங்களில் உலோகம் சேர்த்துத்தான் மீட்க வேண்டும். பின் டயர்களின் இரைச்சல் உள்ளே வரவும் வழி திறந்துவிடும்.

2016ல் வந்த இரண்டாம் பனமேரா எனக்கு மிகவும் பிடித்தமானது. மொத்த உயரம் 1,423 மி.மீ., பழையதைவிட 5 மி.மீ. கூடுதல். ஆனால் பின்சீட்டுக்கு மேலே மட்டும் கூரையை 20 மி.மீ. இறக்கியிருந்தார்கள். சக்கர இடைவெளி 30 மி.மீ. கூடியது. ஒரு விரல்கூட வராத அந்த இறக்கத்தில் கூன் மறைந்தே போனது. காலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்து, இடுப்பைக் கொஞ்சம் இறக்கி, தலையைக் காப்பாற்றிய கணக்கு அது. முதல் காரில் திட்டு வாங்கிய ஏழு ஆண்டுகள் வீண்போகவில்லை.

மின்சாரக் கார்கள் அந்த அடுக்கையே மறுபடி குலைத்துவிட்டன. தரைக்கு அடியில் பேட்டரி வந்து உட்கார்ந்ததும், குதிகால் ஊன்றும் இடம் மேலே ஏறிவிட்டது. குதிகால் ஏறினால் இடுப்பும் ஏற வேண்டும், தலையும் ஏற வேண்டும். பெரும்பாலான மின்சாரக் கார்கள் ஜீப் போல உயர்ந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2019ல் போர்ஷே டைக்கன் வந்தபோது அதன் உயரம் 1,380 மி.மீ. அளவில்தான் இருந்தது. பின்சீட்டுக்காரரின் பாதம் வரும் இடத்தில் மட்டும் பேட்டரியை வைக்காமல் விட்டு ஒரு பள்ளம் செய்திருந்தார்கள். ‘பாதக் கொட்டகை’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள். பாதம் அந்தக் குழிக்குள் இறங்க, முழங்கால் தாழ்ந்து, தொடை சீட்டில் படிந்து, தலை கூரைக்கு அடியில் பொருந்துகிறது. கொஞ்சம் பேட்டரியை விட்டுக்கொடுத்து அழகைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அப்படியும் பின்னால் உயரமானவர்களுக்கு நெருக்கம்தான். அதனால் அடுத்து டைக்கன் கிராஸ் டூரிஸ்மோ என்று ஒன்று வந்தது. முன்பக்கத் தோற்றம் பெரிதும் அதேதான். கூரையைச் சரியவிடாமல் பின்னால் நீட்டி, பின்சீட்டுக்காரர்களின் தலைக்கு மேலே 47 மி.மீ. கூடுதலாக விட்டிருந்தார்கள். ஏறக்குறைய அதே மூன்று விரல்.