சலாத் கொம்போஸே: கலவை அல்ல, தொகுப்பு

பிரெஞ்சு உணவகங்களின் உணவுப் பட்டியலில் 'சலாத் கொம்போஸே' என்று ஒரு தலைப்பு இருக்கும். தமிழில் எழுதும்போது இதைப் பெரும்பாலும் 'காய்கறிக் கலவை' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சொல் இங்கே பொருந்தாது. அந்தத் தட்டில் கலக்கும் வேலையே நடப்பதில்லை. தக்காளி ஓரிடத்தில், முட்டை ஓரிடத்தில், மீன் ஓரிடத்தில் என்று ஒவ்வொன்றும் தன் உருவம் கெடாமல் இருக்கும். கலந்துவிட்டால் அது வேறு உணவு.

முதலில் 'சாலட்'. இலத்தீன் மொழியில் 'சால்' என்றால் உப்பு. 'சலாதா' என்றால் உப்பிடப்பட்டது. ரோமானியர்கள் பச்சை இலைகளை உப்பும் எண்ணெயும் காடியும் (வினிகர்) சேர்த்து உண்டார்கள். அந்தச் சொல் தென்பிரான்சின் பிராவன்சு மொழியில் 'சலாதா' என்று தங்கி, பிரெஞ்சில் 'சலாத்' ஆகி, ஆங்கிலம் வழியாக நமக்கு 'சாலட்' என்று வந்தது. சாஸ், சாசேஜ் ஆகியவையும் இதே உப்பில் பிறந்தவைதான். இலங்கைத் தமிழர் 'சலாது' என்று சொல்வது மூல ஒலிக்கு நம்முடையதைவிட நெருக்கமானது.

பச்சடி என்று சொல்லலாமே என்று கேட்கலாம். பச்சை என்ற வேரோடு உறவுடைய அழகான சொல் அது. ஆனால் பச்சடி என்றதும் நம் நாக்கு தயிரையும் தாளிப்பையும் எதிர்பார்க்கிறது. வழக்கில் உறுதியாக ஒரு பொருளைப் பெற்றுவிட்ட சொல்லை இன்னோர் உணவின் மேல் ஏற்றினால் இரண்டுக்கும் குழப்பம். சாலட் தமிழில் வேரூன்றிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும்.

மொழிபெயர்க்க வேண்டியது 'கொம்போஸே' என்பதைத்தான். இலத்தீனில் 'கொம்' என்றால் உடன், 'பொனெரே' என்றால் வைத்தல். சேர்த்து வைத்தல் என்பதே வேர்ப்பொருள். பிரெஞ்சுச் சமையலின் பழைய பகுப்பில் ஒரே கீரையாலோ ஒரே காயாலோ ஆனது எளிய சலாத். பல பொருள்கள் கூடியது கொம்போஸே. அவற்றைக் கிளறாமல் ஒழுங்காக வைத்துப் பரிமாறுவது என்ற பொருள்தான் இன்று முன்னே நிற்கிறது.

இதே வேரிலிருந்து வந்த 'கம்போஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஏற்கெனவே பல விதமாகக் கையாண்டிருக்கிறது. இசையில் அது அமைத்தல், ஆகவே இசையமைப்பாளர். அச்சகத்தில் அது கோத்தல், ஆகவே அச்சுக்கோப்பவர். செய்யுளில் யாத்தல். தட்டுக்கு எது? அமைப்பு என்றால் சங்கம், நிறுவனம் என்று போய்விடுகிறது. அடுக்கு என்றால் ஒன்றன்மேல் ஒன்று என்று தோன்றும். நான் தேர்வது தொகுப்பு. தொகுத்தவை ஓரிடத்தில் கூடுகின்றன, ஆனால் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. தொகுப்புச் சாலட் என்று சொல்லலாம்; மீன் இருந்தால் மீன் தொகுப்புச் சாலட்.

இந்த வகையில் உலகறிந்தது 'சலாத் நிசுவாஸ்'. நிசுவாஸ் என்றால் நீஸ் நகரத்துக்குரியது. ஆகவே நீஸ் சாலட் என்றாலே போதும். கிரேக்கர்கள் நிறுவிய அந்தக் கடற்கரை நகரம் 1860-இல்தான் பிரான்சுடன் நிரந்தரமாகச் சேர்ந்தது. அதற்கு முன் சார்தீனிய அரசின் கீழ் இருந்தது. நகரத்தின் சொந்த மொழியில் இந்த உணவின் பெயர் 'சலாதா நிசார்தா'. தொடக்கத்தில் இது தக்காளி, உப்பிட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய் மட்டுமே கொண்ட எளியவர் உணவு. சூரை மீன் (டூனா) விலை அதிகம் என்பதால் பின்னால்தான் வந்தது. அந்த ஊரில் உப்பிட்டு நொதிக்க வைத்த மீன் விழுதுக்கு 'பிசலா' என்று பெயர். 'பேய்ஸ் சலாத்', அதாவது உப்பு மீன் என்பதன் மருவல். சாலட்டின் பெயருக்குள் ஒளிந்த உப்பு இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

இதில் என்னென்ன சேரலாம் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நீஸுக்கு அருகே வில்நவ்-லூபேயில் 1846-இல் பிறந்த புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே, அவித்த உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் சேர்த்தார். 1966 முதல் 1990 வரை நீஸின் மேயராக இருந்த ஜாக் மெத்சேன் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவித்த காய் எதுவும் கூடாது, தக்காளிக்கு மூன்று முறை உப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். உருளைக்கிழங்கு வயிறு நிறைக்கும் என்பதால் விருந்துக்கு வசதிதான். ஆனாலும் சுவையில் மெத்சேன் பக்கமே நான் நிற்கிறேன். மாவுத்தன்மை வந்ததும் தக்காளியின் புளிப்பு மங்கிவிடுகிறது.

ஆறு பேருக்குச் செய்வதென்றால், நன்கு பழுத்து ஆனால் கெட்டியாக உள்ள தக்காளி எட்டு போதும். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, உப்புத் தூவி, சல்லடையில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு நீரை வெளியே இழுக்கும். அந்த நீரை வடிக்காவிட்டால் தட்டின் அடியில் குளம் கட்டி மற்றவற்றையும் நனைத்துவிடும். வடிந்தபின் வாயில் இட்டுப் பார்த்தால் அதே தக்காளியின் சுவை செறிந்திருப்பது தெரியும். முட்டை ஆறு, பத்து நிமிடம் வெந்து குளிர்ந்த நீரில் ஆறட்டும். வெங்காயத்தாள், முள்ளங்கி, குடைமிளகாய் எல்லாம் பச்சையாகவே. கறுப்பு ஆலிவ் ஒரு கைப்பிடி.

மீன் என்பது ஆலிவ் போன்ற எண்ணெயில் பதப்படுத்திய சூரையாக இருக்கலாம். நீஸிலும் அதுவே வழக்கம். புதிய சூரையை மேலே மட்டும் வாட்டி, உள்ளே சிவப்பாக விடுவது உணவகப் பாணி. அப்படிப்பட்ட மீனை எல்லா விருந்தினரும் விரும்பமாட்டார்கள். மெல்லிய தீயில் எண்ணெயில் முழுதும் வேகவைத்து, ஆறியபின் பெரிய இதழ்களாகப் பிரிப்பதே நல்லது. நெத்திலி என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை: இங்கே வேண்டியது உப்பில் பதப்படுத்தி, முள் நீக்கி, எண்ணெயில் இட்ட மென்மையான நெத்திலி. வெயிலில் காய்ந்த நெத்திலிக் கருவாடு இதற்கு ஈடாகாது.

அகலமான தட்டின் மேல் வெட்டிய பூண்டைத் தேய்த்து மணம் ஏற்ற வேண்டும். தக்காளி முதலில், மற்றவை அதன் மேலும் பக்கத்திலுமாக. மீனும் முட்டையும் கடைசியில். பிறகு ஆலிவ் எண்ணெய், கிள்ளிய திருநீற்றுப்பச்சிலை. பேசில் என்று கடையில் விற்பது இந்தப் பச்சிலையின் குடும்பம்தான். புளிப்பு வேண்டுமென்றால் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு காடி. இரண்டையும் அடித்துக் கலக்கிய அந்தச் சாற்றுக்கு 'வினேக்ரெத்' என்று பெயர். அதன் உள்ளே இருக்கும் 'வினேக்ர்' புளித்த ஒயின் என்று பொருள்படும். நம் காடியும் புளித்த கஞ்சியிலிருந்து வந்த பெயரே.

தட்டை மேசையில் வைக்கும் நேரத்தில்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். கரண்டியால் புரட்டக் கூடாது. சாலட்டைப் புரட்டுவதற்குப் பிரெஞ்சில் 'ஃபத்திகே' என்று ஒரு வினை உண்டு, களைப்படையச் செய்தல் என்று பொருள். இலைச் சாலட்டுக்கு அது சரி. தொகுப்புச் சாலட்டில் விருந்தினர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள், எல்லாவற்றிலும் கொஞ்சமாக.

மிஞ்சினால் வீணில்லை. நீஸ்காரர்கள் இதே பொருள்களை உருண்டை ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்து, எண்ணெய் ஊறவிட்டுத் தின்கிறார்கள். அதன் பெயர் 'பான் பன்யா', நனைந்த ரொட்டி.